கன்னத்தில் வெளிறிய தேமல்: ஏழு வயதுச் சிறுமியின் தாய்க்குப் பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. நான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய வலது கன்னத்தில் சிறிய நாணயம் அளவுக்கு ஓர் இடம் வெளிறத் தொடங்கியது. இப்போது இரு கன்னங்கள், முகவாய், மேல்கை என ஆறு இடங்களில் இருக்கிறது. அரிப்பு பெரிதாக இல்லை. வயிற்றில் பூச்சி என்றார்கள். இருமுறை பூச்சி மருந்து கொடுத்தேன். கால்சியம் குறைவு என்றார்கள். இரண்டு மாதம் டானிக் கொடுத்தேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைப் பூசியதும் ஒரு வாரத்தில் மங்கியது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. என் கணவரின் அத்தைக்கு வெண்புள்ளி உண்டு என்பதால் எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை. வகுப்பில் ஒரு சிறுமி இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு மாதத்தில் வகுப்புப் புகைப்படம் எடுக்கப்போகிறார்கள். அதற்குள் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் நீங்கள் அனுப்பியிருந்த மூன்று படங்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். படத்தை மட்டும் பார்த்துத் தோல் நோயை முடிவுசெய்வது சரியல்ல என்பதால், ஒரு தோல் மருத்துவர் உங்கள் மகளை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும், நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கும்போது அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் விவரித்திருப்பதும் படத்தில் தெரிவதும், குழந்தைகளிடம் நாங்கள் அன்றாடம் பார்க்கிற, தீங்கில்லாத, தானாகவே மறைகிற ஒரு தேமலுக்கே மிகவும் பொருந்துகின்றன. மருத்துவத்தில் அதற்குப் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்று பெயர். பிட்டிரியாசிஸ் என்பது தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆல்பா என்றால் இலத்தீனில் வெள்ளை. தவிடு தூவியதுபோன்ற மெல்லிய செதிலோடு வெளிறித் தெரிவது என்று அந்தப் பெயரே நோயைச் சொல்லிவிடுகிறது. மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுக்குள்தான் இது பெரும்பாலும் வரும். நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஏதோ ஒரு பருவத்தில் இது வந்து போகிறது.

தமிழில் நாம் தேமல் என்ற ஒரே சொல்லால் இதையும், பூஞ்சையால் வருவதையும், வேறு சில வெளிறல்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழந்தமிழ்ப் பாடல்கள் பெண்ணின் மேனியில் படரும் தேமலைச் சுணங்கு என்று அழகின் அடையாளமாகப் பாடின. தேமல் என்ற சொல்லைக் கேட்டு இன்று ஒரு தாய் நடுங்குகிறார் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எனவே, உங்கள் மகளின் தோலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் உள்ளன. ஒவ்வொரு நிறமிச் செல்லும் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ முப்பத்தாறு தோல் செல்களுக்கு மெலனின் என்ற நிறமியைத் தயாரித்துச் சிறு சிறு பொட்டலங்களாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வறண்ட சருமமுள்ள குழந்தைகளுக்கு, குறிப்பாகக் கரப்பான் என்று நாம் சொல்லும் அட்டோப்பிக் வகை ஒவ்வாமை எக்ஸிமாவின் சாயல் உள்ள குழந்தைகளுக்கு, கன்னம் போன்ற இடங்களில் மிக இலேசான அழற்சி ஏற்படும். அது பெரும்பாலும் கண்ணில் படாது. பட்டாலும், ‘கொஞ்சம் சிவந்திருக்கிறது, சொரசொரப்பாக இருக்கிறது’ என்பதோடு நாம் கடந்துவிடுவோம். அந்த அழற்சி நடக்கும் நாட்களில் நிறமிச் செல்கள் சற்றுச் சோர்ந்து, மெலனினைக் குறைவாகவும் சிறிய பொட்டலங்களாகவும் உண்டாக்குகின்றன. சிவப்பு வடிந்ததும் நமக்கு மிஞ்சித் தெரிவது வெளிறல். நீங்கள் இன்று பார்த்துக் கலங்கும் இடங்களில் பல, உண்மையில் ஏற்கெனவே ஆறிப்போன அழற்சியின் தடங்கள்தான். நிறமிச் செல்கள் அழியவில்லை, அங்கேயே இருக்கின்றன. இதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதில் விளங்கிவிடும்.

இந்தத் தேமல் மூன்று நிலைகளில் நகர்வதைக் கவனிக்கலாம். முதலில் இலேசான இளஞ்சிவப்பும் செதிலும் உள்ள வட்டம். பிறகு சிவப்பு மங்கி, செதிலோடு கூடிய வெளிறல். கடைசியில் செதிலும் உதிர்ந்து, வழவழப்பான, நிறம் மட்டும் குறைந்த தோல். ஒரே குழந்தையின் முகத்தில் மூன்று நிலைகளும் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும். ஒவ்வோர் இடமும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஆறு இடங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வரை உள்ள குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை கூடுவதை நோய் முற்றுவதாக எண்ணிப் பயப்பட வேண்டாம். நிறம் கூடிய சருமத்திலும், வெயிலில் அதிகம் விளையாடும் பருவத்திலும் இது எடுப்பாகத் தெரிவதற்குக் காரணம், சுற்றியுள்ள தோல் வெயிலுக்குக் கறுக்க, அந்த இடம் மட்டும் கறுக்க முடியாமல் பின்தங்குவதுதான். தேமல் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கூடும்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். இது வெண்புள்ளி நோய், அதாவது விட்டிலிகோவா?

பகலில் சன்னலோரம் மகளை உட்கார வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து கன்னத்தில் விழும்படி ஒருமுறை பாருங்கள். உங்கள் முதல் படம் அப்படி எடுக்கப்பட்டிருக்கிறது; அதனால்தான் எனக்கு அது மிகவும் உதவியது. அந்த வெளிறலின் ஓரம் எங்கே முடிகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்ட முடிகிறதா? துணியில் பட்ட நீர்க்கறை பாதி காய்ந்த நிலையில் இருப்பதுபோல், ஓரம் மெல்ல மெல்லக் கரைந்து சுற்றுத் தோலோடு கலந்துவிடுகிறது. அதன் மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் மாவு படிந்ததுபோன்ற மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். நிறமும் முற்றிலும் போய்விடவில்லை. இரண்டு மூன்று பங்கு பால் கூடுதலாகச் சேர்த்த தேநீர்போல் நிறம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வெண்புள்ளியில் இப்படி இருக்காது. அங்கே நிறமிச் செல்களே இல்லாமல் போவதால் இடம் பால்வெள்ளையாக இருக்கும்; ஓரம் வரைந்தாற்போல் துல்லியமாக இருக்கும்; செதிலே இருக்காது; தோல் தொடுவதற்கு வழவழப்பாக இருக்கும். உதட்டோரம், கண்ணைச் சுற்றி, விரல் நுனி, முழங்கால், அடிபட்டு ஆறிய தழும்பு ஆகிய இடங்களை அது நாடும். சில சமயம் அந்த இடத்து முடியும் வெளுத்துவிடும்.

மருத்துவரிடம் செல்லும்போது, அறையை இருட்டாக்கி உட்ஸ் விளக்கு என்ற ஊதா நிற விளக்கால் உங்கள் மகளின் முகத்தைப் பார்ப்பார். 1903-இல் இராபர்ட் உட் என்ற இயற்பியலாளர் உருவாக்கிய இந்த விளக்கு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வீசும். வெண்புள்ளி அதன் ஒளியில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று மின்னும். உங்கள் மகளுக்கு இருப்பதாக நான் கருதும் தேமலோ அந்த ஒளியில் எடுப்பாகாமல் மங்கலாகவே இருக்கும். வலியே இல்லாத, ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை இது. முடிந்தால் நீங்களும் அந்த இருட்டறையில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளைவிடத் தாயின் கண்ணே நேரில் பார்ப்பது மனத்தை நிலைப்படுத்துகிறது என்பது என் அனுபவம்.

கணவரின் அத்தைக்கு வெண்புள்ளி இருப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெண்புள்ளி உள்ளவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு சற்றே கூடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும், இன்று உங்கள் மகளின் கன்னத்தில் இருக்கும் இந்தத் தேமலுக்கும் தொடர்பில்லை. இது நாளடைவில் வெண்புள்ளியாக மாறாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெண்புள்ளியும் யாருக்கும் ஒட்டாத நோய்தான். அதற்கும் இன்று சிகிச்சை இருக்கிறது. உங்கள் கணவரின் அத்தை குடும்பத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகைபோல் பேசப்படுவதை உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பூஞ்சையால் வரும் தேமல் பெரும்பாலும் பதின்பருவம் தொடங்கிய பிறகு, மார்பு, முதுகு, தோள் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் வரும். ஐயம் இருந்தால் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்துச் சில நிமிடங்களில் தெளிந்துகொள்ளலாம். அப்படிப் பார்க்காமலே பூஞ்சைக்கொல்லிக் களிம்பை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பது வீண்.

வெளிறல்களில் நாங்கள் தவறவிடக் கூடாதவை சில உண்டு. வெளிறிய இடத்தில் தொடு உணர்வு குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறித் தொட்டு, எங்கே தொடுகிறோம் என்று குழந்தையையே காட்டச் சொல்வோம். முகத்தில் உணர்வுக் குறைவைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம் என்பதால், இதை மருத்துவர் செய்வதே சரி. அப்படியே இருந்தாலும் அது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய். பிறந்ததிலிருந்தோ கைக்குழந்தைப் பருவத்திலிருந்தோ உடலில் மூன்றோ அதற்கு மேற்பட்டோ வெளிறிய இடங்கள் இருந்து, வலிப்பும் வந்திருந்தால் அதற்கு வேறு பரிசோதனைகள் தேவை. இடுப்பு, பிட்டம், தொடை போன்ற மூடிய இடங்களில் வெளிறல் பரவி, ஆண்டுக்கணக்கில் மறையாமல் இருந்தாலும் சிறு தோல் துணுக்கை எடுத்துப் பார்க்க நேரலாம். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும், இதைப் படிக்கும் வேறு பெற்றோர்களுக்காக எழுதுகிறேன்.

பூச்சி மருந்து, கால்சியம் டானிக் பற்றி உங்களைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. குழந்தைக்குக் கன்னத்தில் தேமல் வந்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று சொல்வது பலரிடமும் வேரூன்றியிருக்கும் நம்பிக்கை. அது ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்றால், குடற்புழுவும் இந்தத் தேமலும் ஏறத்தாழ ஒரே வயதுக் குழந்தைகளிடம் அதிகம். அதோடு, தேமல் தானாகவே மறையக்கூடியது என்பதால், அது மறைவதற்குச் சற்று முன் எதைக் கொடுத்தோமோ அதற்கே பெருமை போய்ச் சேர்கிறது. பூச்சி மருந்து குடற்புழுவுக்கு நல்ல மருந்து. உரிய காலத்தில் கொடுக்க வேண்டியதுதான். கன்னத்துத் தேமலுக்கு அதை மீண்டும் மீண்டும் கொடுக்கத் தேவையில்லை. கால்சியத்துக்கும் தோலின் இந்த வெளிறலுக்கும் உறவே இல்லை. வழக்கமான, சமச்சீரான உணவை உங்கள் மகள் உண்டு, வயதுக்கேற்ப வளர்ந்து வருகிறாள் என்றால் டானிக்கை நிறுத்திவிடலாம். ஏதாவது ஓர் உணவை ‘தேமல் கூடும்’ என்று சொல்லி நிறுத்திவைத்திருந்தால், அதையும் இன்றே திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது தேமல் அல்ல, அந்த க்ரீம்தான். பெயரை நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரத்தில் மங்கி, நிறுத்தியதும் திரும்பியது என்ற வரியைப் படித்ததுமே அதில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து இருக்கும் என்று ஊகிக்கிறேன். ட்யூபையோ அதன் அட்டைப் பெட்டியையோ எடுத்து, சிறிய எழுத்தில் உள்ள சேர்க்கைப் பட்டியலைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று, பூஞ்சைக்கொல்லியோடும் நுண்ணுயிர்க்கொல்லியோடும் சேர்ந்து இருந்தால், அதை இனி உங்கள் மகளின் முகத்தில் பூசாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த மருத்துவரும் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முகத்துத் தோல் மெல்லியது; குழந்தையின் முகத்துத் தோல் அதைவிட மெல்லியது. வீரியமான ஸ்டீராய்டை அங்கே வாரக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து, அடியில் உள்ள நுண்ணிய இரத்த நாளங்கள் சிவப்பு நூல்களாகத் தெரியத் தொடங்கும். பருக்கள் வரும், பூனைமுடி வளரும். பூசும்வரை நன்றாக இருப்பதுபோல் தோன்றி, நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவந்து எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மருந்தே தோலின் நிறத்தைக் குறைக்கும். வெளிறலைப் போக்கப் பூசுகிற மருந்தே புதிதாக ஒரு வெளிறலை உண்டாக்கிவிடும்.

என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் எட்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய தாய் என்னிடம் அழைத்து வந்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் இதே தேமல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே பலர் காத்திருந்த அவசரத்தில், ‘ஒன்றுமில்லை அம்மா, தானாகப் போய்விடும்’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது சரிதான். ஆனால் ஏன் ஒன்றுமில்லை, எப்போது போகும், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்று எதையும் நான் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். இடையில் யாரோ கொடுத்த வீரியமான களிம்பைப் பத்து மாதம் பூசியிருந்தார்கள். கன்னமெல்லாம் சிவந்து, மெல்லிய நாளங்கள் படர்ந்திருந்தன. அந்தப் பையன் நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னங்களை மூடிக்கொண்டான். அந்தக் கைகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தேமல் அவனுக்குச் செய்யாத தீங்கைச் சிகிச்சை செய்திருந்தது. அதில் என் ஒற்றை வரிக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து இந்த நோய்க்கு நான் எப்போதும் உட்கார்ந்து பேசுகிறேன். இந்தப் பதில் நீண்டுபோவதற்கும் அதுவே காரணம்.

இனிச் செய்ய வேண்டியவை. அவை மிகவும் எளியவை. எளியவை என்பதாலேயே அலட்சியப்படுத்தப்படுபவை.

வறட்சிதான் இதன் வேர் என்பதால் சருமத்தை ஈரப்பதத்தோடு வைத்திருப்பதே முதன்மையான சிகிச்சை. குளிக்கும் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், சூடாக வேண்டாம். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் குளியல் முடியட்டும். முகத்துக்கு வாசனையில்லாத மென்மையான சோப்போ, சோப்பில்லாக் கழுவியோ போதும். அதையும் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். அழுக்கு என்று எண்ணித் தேமலைத் துண்டாலோ நாராலோ தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அழற்சி கூடும். அழற்சி கூடினால் நிறம் இன்னும் குறையும். குளித்ததும் துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் முழுதும் காய்வதற்கு முன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது; பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் கிளிசரின் அல்லது செராமைடு கலந்த வாசனையில்லாத க்ரீம். இரவு படுக்கும் முன் இன்னொரு முறை. தேமல் உள்ள இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்காமல், இரு கன்னங்கள், முகவாய், கைகள் முழுவதிலும் பூசுங்கள். ஏனென்றால், அடுத்த தேமல் எங்கே தொடங்கப்போகிறது என்று நமக்குத் தெரியாது. வெளிறலை மறைக்கப் பவுடர் பூசும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பவுடர் அந்தச் செதிலில் ஒட்டிக்கொண்டு அதை இன்னும் வெள்ளையாகக் காட்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரும். வேண்டவே வேண்டாம்.

வெயிலைப் பொறுத்தவரை, எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட, குழந்தைகளுக்கேற்ற சன்ஸ்கிரீனை வெளியே போவதற்குப் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு முன் பூசுங்கள். துத்தநாக ஆக்சைடு உள்ளது குழந்தையின் சருமத்தை அதிகம் உறுத்தாது. நெடுநேரம் வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும். சன்ஸ்கிரீன் தேமலைக் குணப்படுத்தாது; சுற்றியுள்ள தோல் கறுக்காமல் பார்த்துக்கொள்வதால் தேமல் பளிச்சென்று தெரியாமல் இருக்கும், எளிதில் சிவந்து எரியக்கூடிய அந்த வெளிறிய இடத்துக்கும் காவலாக இருக்கும். இதற்காக உங்கள் மகளை விளையாடப் போகாதே என்று வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பி போதும்.

சிவப்போ அரிப்போ இருக்கும் முதல் நிலையில் மட்டும், மருத்துவர் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு எழுதித் தரலாம். மேலே நான் கண்டித்த வகையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீரியம், இடம், நாள் கணக்கு ஆகிய மூன்றும் அளவோடு இருந்தால் அது பாதுகாப்பான மருந்துதான். அடிக்கடி திரும்பி வரும் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பை, குழந்தைகளுக்கான 0.03 சதவீத அளவில் சில மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. முதல் சில நாட்கள் இலேசாக எரியும் என்பதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். சிவப்பும் செதிலும் அடங்கிவிட்ட வெளிறலுக்கு எந்த மருந்துக் களிம்பும் பெரிதாக எதையும் செய்யாது. அங்கே மாய்ஸ்சரைசரும் காலமும்தான் வேலை செய்ய வேண்டும்.

எவ்வளவு காலம்? சில மாதங்கள் என்பது குறைந்த கணக்கு. ஓராண்டு என்பது மிகச் சாதாரணம். விட்டு விட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிப்பதும் உண்டு. மேல்தோல் அடியிலிருந்து புதிதாக உருவாகி மேலே வந்து உதிர்வதற்கே நான்கிலிருந்து ஆறு வாரங்களாவது பிடிக்கிறது. சோர்ந்திருந்த நிறமிச் செல் விழித்து, புதிய செல்களுக்கு நிறம் கொடுத்து, அவை மேலே வந்து, சுற்றுத் தோலின் நிறத்தை எட்டுவதற்கு அப்படிப் பல சுற்றுகள் ஆக வேண்டும். நான்கு மாதம் ஆகியும் போகவில்லையே என்று நீங்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. இந்த நோயின் கணக்கில் நான்கு மாதம் தொடக்கமே. மறைந்த பிறகு தழும்போ வெண்மையோ மிஞ்சாது. மீண்டும் வந்தால், முதலில் செய்தது தவறு என்று பொருளில்லை; உங்கள் மகளின் சருமம் வறண்ட வகை, அவ்வளவே. இதனிடையே ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், அதே சன்னலோரம், அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் மூன்று படங்களை அடுத்தடுத்து வைக்கும்போது தெரியும்.

பள்ளியில் நடந்ததைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே கனமானதாகப் பட்டது. இது தொடுவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ, துண்டையோ தண்ணீர்ப் பாட்டிலையோ பகிர்வதாலோ யாருக்கும் ஒட்டாது. இதை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். தேவைப்பட்டால், தொற்றுநோய் இல்லை என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொடுங்கள். அந்த இன்னொரு சிறுமியும் குழந்தைதான். வீட்டில் யாரோ சொன்னதை அவள் திருப்பிச் சொல்லியிருப்பாள். ஆகவே அவளைக் கண்டிக்கச் சொல்லாமல், வகுப்பு முழுவதற்கும் பொதுவாகத் தோலைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கும் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும். ‘என் தோல் கொஞ்சம் காஞ்சு போயிருக்கு, க்ரீம் போடறேன், யாருக்கும் ஒட்டாது’ என்று அவளே சொல்லப் பழக்கிவிடுங்கள். காரணம் தெரிந்த குழந்தை தலைகுனிவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விருந்தினர் வந்தால் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, ‘இதைப் பாருங்களேன்’ என்று காட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை. ஆனால் என் அறையிலேயே பெற்றோர் பலர் அதைச் செய்வதைப் பார்க்கிறேன். மாய்ஸ்சரைசர் பூசும் வேலையைக் கண்ணாடி முன்னால் அவளிடமே கொடுத்துப் பாருங்கள். ஏழு வயதில் அவளால் முடியும்.

புகைப்படத்துக்குள் போய்விடுமா என்று கேட்டீர்கள். இரண்டு மாதத்தில் செதில் அடங்கி, ஓரங்கள் இன்னும் மங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முழுவதும் மறைந்திருக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அதற்காக அந்தப் பழைய ட்யூபை ஒரு வாரம் மட்டும் எடுத்துப் பூசலாமா என்ற எண்ணம் வரும். பூசாதீர்கள். அன்று காலையில் முகம் கழுவியதும் வழக்கமான மாய்ஸ்சரைசரைச் சற்றுக் கூடுதலாகப் பூசி, கால் மணி நேரம் ஊற விடுங்கள். செதில் படிந்துவிட்டால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறாது. தேமல் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் மேல் பவுடர் வேண்டாம். மற்றப் பிள்ளைகளோடு முன்வரிசையிலேயே அவள் நிற்கட்டும்.